பேர் தெரியாதவன் செய்த குரல்

பேர் தெரியாதவன் என்கிறது கம்ப்யூட்டர். அன்நோன் பப்ளிஷர். பத்தாம் வகுப்பு வரை படித்த இங்கிலீஷுக்கு அவ்வளவு புரிகிறது. இதைச் செய்தவன் யாரென்று எனக்குத் தெரியாது, போட்டால் வருகிற ஆபத்துக்கு நீதான் பொறுப்பு என்று திரை முழுக்க நீலமாக வந்து நிற்கிறது. கீழே டோண்ட் ரன் என்று ஒரே ஒரு பொத்தான். வேண்டாம் என்பதற்குப் பொத்தான் வைத்தவன் சரி என்பதற்கு வைக்கவில்லை, பார்த்தீர்களா. மோர் இன்ஃபோ என்று சின்ன எழுத்தில் கோடு போட்டிருக்கும், அதை அழுத்தினால்தான் ரன் எனிவே வரும் என்று வாட்ஸப்பில் சொல்லியிருந்தார்கள். அழுத்தினேன், வந்துவிட்டது. இப்போது இரண்டு பொத்தானும் பக்கத்தில் பக்கத்தில். விரல் மௌஸின் மேல் நிற்கிறது, கழுத்துத் துளை விசில் அடிக்கிறது. பயந்தால் எல்லோருக்கும் நெஞ்சு அடித்துக்கொள்ளும். எனக்கு ஆபரேஷனுக்கு அப்புறம் கழுத்தும் சேர்ந்துகொள்கிறது. குரல்வளையை எடுத்துவிட்டு, காறை எலும்புக்கு மேலே ஒரு துளை போட்டு, இனிமேல் இதன் வழியாக மூச்சு விடு என்று அனுப்பிவிட்டார்கள். துளையை மூடியிருக்கிற துணி உள்ளே போகிறது, வெளியே வருகிறது. சமையலறையில் என் பெண்சாதி ஆவுடை வடை சுட்டுக்கொண்டிருக்கிறாள். எண்ணெய்ச் சத்தம் கேட்கிறது, வாசம் கிடையாது. மூக்கு வழியாகக் காற்று போகாவிட்டால் வாசமும் போய்விடும் என்று யாரும் முன்கூட்டிச் சொல்லவில்லை. புளியங்குடி எலுமிச்சை மண்டியில் ஏலம் கூவியே தலை நரைத்தவன் நான், இன்றைக்கு ஒரு பழத்தை நகத்தால் கீறி மூக்கில் ஒட்டவைத்தாலும் வெறும் ஈரம்தான் தெரிகிறது.

வெயில் தாழ மாப்பிள்ளை வீட்டார் வந்துவிடுவார்கள். பட்டாசாலை முழுக்க வாடகை நாற்காலி. கம்ப்யூட்டர் மேஜையை மட்டும் நகர்த்த முடியாது, வயர் எட்டாது என்று கோமதி சொல்லிவிட்டாள், அதனால் சபைக்கு நடுவில் பெரிய மனுஷன் மாதிரி அதுவும் உட்கார்ந்திருக்கிறது. கோமதி என் ஒரே மகள், இன்றைக்கு அவளுக்கு நிச்சயம். எங்கள் ஆட்களில் நிச்சயத்தன்று பெண்ணின் தகப்பன் சபையில் எழுந்து நின்று ஒரே ஒரு வரி சொல்லவேண்டும். எம்மவள ஒங்க வீட்டுக்குத் தாரேன். அவ்வளவுதான். அதைச் சொன்ன பிறகுதான் தாம்பூலத் தட்டு கை மாறும். கையெழுத்து கிடையாது, சாட்சி கிடையாது, அந்த வாய்வார்த்தைதான் எல்லாம். மூச்சு விடாமல் நூறு மூட்டையை ஏலம் விட்ட வாய்க்கு ஒரு வரி எம்மாத்திரம். அந்த ஒரு வரியைத்தான் இப்போது ஊரெல்லாம் தேடிக்கொண்டிருக்கிறேன். நேற்றைக்கு மச்சினன் தவசிமணி வந்து தோளில் கை வைத்தான். "அத்தான், நீங்க ஒண்ணுக்கும் வெசனப்படாதிய. சும்மா பக்கத்துல நில்லுங்க, வார்த்தைய நான் சொல்லிருதேன். தாய்மாமன் சொன்னா செல்லாமலா போவும்?" செல்லும். நன்றாகச் செல்லும். தகப்பன் செத்துப்போன வீட்டில் தாய்மாமன்தான் சொல்வான், சபை கேட்டுக்கொள்ளும். அப்படியானால் நான் யார்? அவன் பக்கத்தில் சலவை வேட்டி கட்டிக்கொண்டு நிற்கப்போகிறவன் யார்? கேட்டிருக்க வேண்டும், எதைக்கொண்டு கேட்பது, தலையை ஆட்டினேன். வாய் போனவன் தலையை எப்படி ஆட்டினாலும் சரி என்றே எல்லோரும் எடுத்துக்கொள்கிறார்கள். ஆஸ்பத்திரியில் ஒரு கருவி கொடுத்தார்கள், டார்ச் லைட் மாதிரி, கழுத்தில் வைத்து அழுத்தினால் பேச்சு வரும் என்று. பேச்சா அது. ஸ்டேஷன் எடுக்காத ரேடியோ. முதல் தடவை வைத்துப் பேசியபோது பக்கத்து வீட்டுக் கைக்குழந்தை வீறிட்டு அழுதது, அன்றைக்கே தூக்கிப் பரணில் போட்டேன். அதை வைத்துக்கொண்டா என் மகளைத் தருகிறேன் என்று சொல்வது? அதற்குத் தவசிமணியே சொல்லிவிட்டுப் போகலாம். இல்லை, அவன் சொல்லக் கூடாது. சொல்லவே கூடாது.

அழுத்தவேண்டியதுதானே. யாருக்காகக் காத்திருக்கிறேன். மண்டியில் தினமும் முகம் தெரியாத ஆள் மூட்டை கொண்டுவருவான், எந்த ஊர், யார் தோட்டம், ஒன்றும் தெரியாது, அதற்காக ஏலம் விடாமல் இருந்தோமா? இருந்ததில்லை. ஆனால் மூட்டைக்குள் கையை விடுவேன். தோள் வரைக்கும் விடுவேன். மேலே மஞ்சளாக, குண்டு குண்டாக அடுக்கிவைத்து அடியில் வெம்பலையும் அழுகலையும் தள்ளிக்கொண்டு வருகிற கில்லாடிகள் எத்தனை பேர். என் கை அடிவரை போய்த் திரும்பும்போது அவன் முகத்தைப் பார்ப்பேன், முகமே பாதி சொல்லிவிடும். இதில் எங்கே கையை விடுவது? அடி எது, மேல் எது? முகமும் இல்லை. கரூர்ப் பக்கத்து பஸ் கண்டக்டர் ஒருவர், ஜெயசிங் என்று பேர், தொண்டை போனவர்களுக்கென்று இருக்கிற வாட்ஸப் குரூப்பில் இதை அனுப்பியிருந்தார். 'நம்ம பழைய வீடியோ ஏதாச்சும் இருந்தாக் குடுத்தாப் போதுங்ண்ணா, டைப் பண்றத நம்ம குரல்லயே சொல்லுது. யாரோ ஒரு பையன் செஞ்சு சும்மாவே உட்டிருக்கான்.' கூடவே அவர் குரலையும் அனுப்பியிருந்தார். 'எல்லாரும் நல்லா இருக்கீங்களா' என்று கேட்கிறது, 'உள்ள போ, உள்ள போ, படியில நிக்காத' என்று விரட்டுகிற தோரணையில். சத்தமில்லாமல் சிரித்தேன், அப்புறம் திரும்பத் திரும்பப் போட்டுக் கேட்டேன். குரல் போன மனுஷன், கிண்ணென்று கேட்கிறது. சும்மாவே விட்டிருக்கிறானாம். அதுதான் எனக்கு இடிக்கிறது. சும்மா எவனாவது எதையாவது கொடுப்பானா? அப்பா அம்மா வைத்த பேரை அதில் போடக்கூட அவனுக்கு என்ன கேடு? நல்ல சரக்கு வைத்திருக்கிறவன் மூட்டையில் பேரை மையால் எழுதித்தானே அனுப்புகிறான். ஒருவேளை ஏழைப் பையனோ என்னவோ, பேர் பதிய ஆயிரம் சடங்கு இருக்குமோ, அவன் வீட்டிலும் யாருக்காவது தொண்டை போயிருக்குமோ. எனக்கு வேண்டும் என்றதும் அவனை நல்லவனாக்கிவிட்டேன், பாருங்கள். மண்டியில் புதுசாக வருகிற வியாபாரிகள் ஏமாறுவது இப்படித்தான்.

இதுவே என் கம்ப்யூட்டராக இருந்தால் போகிறது என்று விடலாம். இது கோமதியுடையது. தென்காசியிலிருந்தும் சங்கரன்கோவிலிலிருந்தும் ஸ்டுடியோக்காரர்கள் கல்யாணப் படங்களை இவளுக்கு அனுப்புவார்கள், இவள் ஆல்பம் அடுக்கிக் கொடுப்பாள். யார் யார் வீட்டுத் தாலிகட்டோ, யார் யார் வீட்டு ஊஞ்சலோ, எல்லாம் இந்தப் பெட்டிக்குள் கிடக்கிறது. பக்கத்து ஊரில் ஒரு ஸ்டுடியோவில் எதையோ தெரியாமல் ஏற்றப்போய் அத்தனை படமும் பூட்டிக்கொண்டுவிட்டதாம். பெட்டி இருக்கிறது, படம் இருக்கிறது, திறக்கத்தான் முடியவில்லை. ஒரு பெண்ணின் கல்யாணத்தைத் திரும்பவா நடத்த முடியும் என்று கோமதி அன்றைக்குச் சாப்பிடாமல் உட்கார்ந்திருந்தாள். "யப்பா, பாட்டு கேளுங்க, படம் பாருங்க, எதையும் ஏத்த மட்டும் செய்யாதிய, என்ன?" அதற்கும் தலையை ஆட்டியவன்தான் நான். இன்றைக்கு அவள் தலை அலங்காரத்துக்கு பஸ் ஸ்டாண்டுப் பக்கம் போயிருக்கிற நேரம் பார்த்து, ஜெயசிங் சொன்னபடி ஆன்டிவைரஸை வேறு நிறுத்திவைத்திருக்கிறேன். காவல்காரனைத் தூங்கச் சொல்லிவிட்டுக் கதவைத் திறக்கிற வேலை. ஆகிவிட்டால்? சபை கூடியிருக்கும்போது பெட்டி பூட்டிக்கொண்டால்? மாப்பிள்ளை முன்னால் அவள் அழுவாள். அவன் நல்ல பையன், அவனும் ஆல்பக்காரன்தான், இரண்டு பேரும் போனில் பேசிப் பிடித்துப்போய்த்தான் இவ்வளவு தூரம் வந்தது. வேண்டாம், டோண்ட் ரன்னை அழுத்திவிட்டு எழுந்து போய் வாழையிலையைத் துடைக்கலாம். தவசிமணி சொல்லட்டும். நன்றாகவே சொல்வான், கனத்த குரல். எம் மருமவள என்று ஆரம்பிப்பான். எல்லோரும் அவனையே பார்ப்பார்கள். கோமதி கதவுக்குப் பின்னால் நின்று கேட்பாள், மாமா சொல்கிற அந்த வார்த்தையோடு போய்ச் சேர்வாள். "ஏங்க, அங்கன ஒக்காந்து என்ன செய்யுதிய? அவ வந்தா சத்தம் போடுவா." ஆவுடை. கரண்டியோடு எட்டிப் பார்க்கப்போகிறாள். மேஜையை ஒரு தட்டு தட்டினேன். ஒரு தட்டு என்றால் ஒன்றுமில்லை, சும்மா இரு என்று எங்களுக்குள் ஏற்பாடு. அந்தத் தட்டின் வேகத்திலேயே இன்னொரு விரலும் இறங்கிவிட்டது. ரன் எனிவே.

போய்விட்டது, இனி திரும்பாது. பச்சைக் கோடு ஒன்று இடமிருந்து வலமாக ஊர்கிறது. பெட்டிக்குள் என்னமோ சுற்றுகிற சத்தம், வழக்கமான சத்தமா, புதுசா, இத்தனை நாள் கவனித்திருந்தால் அல்லவா தெரியும். கோடு பாதியில் நிற்கிறது. நின்றுவிட்டது. படங்களைப் பூட்டுகிறானோ. இப்போதே பிளக்கைப் பிடுங்கினால்? பிடுங்கினால் பாதிச் சேதாரத்தோடு போகுமா, முழுசும் போகுமா? கை பிளக் வரைக்கும் போனது, கோடு நகர்ந்தது, கையை எடுத்துக்கொண்டேன். பழைய பேச்சைக் கொடு என்று கேட்கிறது. என் பேச்சு ஒரே ஒரு வீடியோவில்தான் இருக்கிறது, கோமதி மண்டிக்கு வந்து போனில் எடுத்தது. வேறு ஒன்றும் கிடையாது. வீட்டில் நான் பேசுகிற ஆளில்லை. விடிகாலை முதல் உச்சிவரை கூவுகிறவன் மீதி நேரம் தொண்டைக்கு ஓய்வு கொடுக்கவேண்டும், ஏலக்காரன் எவனும் அப்படித்தான், பால் சூடாகக் குடித்துவிட்டு உம் என்று இருப்போம். ஆவுடை கேட்டால் உம். கோமதி மார்க்கைக் காட்டினால் உம். விசேஷ வீட்டு வீடியோக்களிலெல்லாம் ஓரமாக நின்று கும்பிட்டுக்கொண்டிருக்கிறேன். அதனால் அந்த மண்டி வீடியோவைத்தான் கொடுத்தேன். குரலைப் படிக்கிறேன், காத்திரு என்கிறது. முன்பின் தெரியாத ஒருவன் கையில் என் குரலையும் அள்ளிக் கொடுத்துவிட்டு உட்கார்ந்திருக்கிறேன். வேட்டியெல்லாம் வேர்வை. தெருவில் வண்டிச் சத்தம் கேட்கும்போதெல்லாம் அவர்கள்தான் என்று பாதி எழுந்து பாதி உட்காருகிறேன். டிங் என்றது. வெள்ளைக் கட்டம், கீழே தமிழ் எழுத்துப் பலகை. ஒற்றை விரலால் தேடித் தேடி அடித்தேன். எம்மவள ஒங்க வீட்டுக்குத் தாரேன். ஸ்பீக்கரைத் திருகினேன். அழுத்தினேன்.

நான்தான். சத்தியமாக நான்தான். அந்தக் கரகரப்பு, அந்தக் கட்டை. உடம்பெல்லாம் சிலிர்த்துப்போய், என்னை அறியாமல் கை கழுத்துக்குப் போனது. அப்புறம்தான் அது சொன்ன விதம் காதில் ஏறியது. 'எம்மவளஅ... ஒங்க வீட்டுக்குத் தாரேஏஏன்...' என்று மேலே ஏறி, அங்கேயே நின்று, யாராவது கூட்டிக் கேட்கிறீர்களா என்று சுற்றிப் பார்க்கிற இழுப்பு. ஏலம். பச்சையாக ஏலம். மண்டியில் அப்படித்தான் ஏற்றிவிட்டு நிற்பேன். யாரும் கூட்டிக் கேட்காவிட்டால் ஒரு தரம், ரெண்டு தரம் என்று இழுப்பேன், மூணு தரம் என்று வெட்டுவேன். வெட்டிவிட்டால் முடிந்தது, அப்புறம் எந்தக் கொம்பனும் வாய் திறக்க முடியாது. கண்டக்டர் குரலைக் கேட்டுச் சிரித்தவனுக்கு இது உறைக்கவில்லையே. கொடுத்ததைத்தானே கற்றுக்கொள்ளும். என் பேச்சு முழுக்க மூட்டைக்குச் சொன்னது, அது என் மகளையும் மூட்டையாக்கிக் கூவுகிறது. இதையா சபையில் கேட்கவைப்பது? எழுத்தைச் சின்னதாக்கிப் பார்த்தேன், கட்டை விரலால் சத்தத்தைக் குறைத்துப் பார்த்தேன், மெதுவாக ஏலம் விட்டது. சமையலறையில் கரண்டி விழுந்தது. "எப்பா... யாரு... ஏங்க!" ஆவுடை ஓடிவந்து தூணைப் பிடித்துக்கொண்டு என் வாயைப் பார்க்கிறாள், மூடியிருக்கிற வாயை. வாசலில் கோமதி. பட்டுச்சேலை, தலை நிறையப் பூ, செருப்பைக் கழற்ற மறந்து நிற்கிறாள். கேட்டுவிட்டாள். அவளைப் பெற்றவன் அவளைக் கூவியதை, தெருவில் வரும்போதே கேட்டுவிட்டாள்.

"ஆன்டிவைரஸ நிறுத்துனியளா?" என்றாள். இல்லை என்று ஆட்டத் தெரியவில்லை, ஆட்டினேன், ஆமாம் என்றுதான் வந்தது. என்னை நாற்காலியிலிருந்து எழுப்பிவிட்டு உட்கார்ந்தாள். நெட் வயரைப் பிடுங்கினாள். வளையல் குலுங்க மௌஸை ஓட்டினாள். என் கழுத்து விசிலடித்தது, துணியை அழுத்திப் பிடித்துக்கொண்டேன். திற, திற, கடவுளே திறந்துவிடு. படங்கள் இருந்த ஃபோல்டர் ஒன்று திறந்தது. யாரோ ஒரு கடையநல்லூர்ப் பெண் மாலையும் கழுத்துமாகச் சிரித்தாள். இன்னொன்று. அதுவும் திறந்தது. "இப்போதைக்கு ஒண்ணும் ஆவல. நாளைக்குத்தான் முழுசா பாக்கணும்" என்றாள். திட்டுவாள் என்று நின்றேன். திட்டவில்லை. "திருப்பிப் போடுங்க." நான் போனில் அடித்துக் காட்டினேன்: ஏலம் மாதிரி கேக்கு, வேண்டாம், மாமா சொல்லட்டும். அதைப் படித்துவிட்டு என்னை ஏற இறங்கப் பார்த்தாள். "பின்ன எப்படிக் கேக்கும்? நீங்க மண்டியிலதான பேசுவிய. ஒங்க சத்தத்த வீட்டுல எங்க கேட்டேன் நான்? அதுக்குத்தான அங்கன வந்து வீடியோவே எடுத்தேன்." கோபமாகச் சொல்லவில்லை, சும்மா நடந்ததைச் சொன்னாள். எனக்குத்தான் தாங்கவில்லை, அழுதேன். சத்தம் வராத அழுகை, அதிலும் ஒரு சௌகரியம், தெருவுக்குக் கேட்காது. வாசலில் வேன் வந்து நின்றது. ஆவுடை முந்தானையால் முகத்தைத் துடைத்துக்கொண்டே கோமதியை உள்ளே இழுத்துக்கொண்டு போனாள்.

எல்லோரும் உட்கார்ந்தாயிற்று. பன்னீர் தெளித்தாயிற்று. மாப்பிள்ளையின் தகப்பனார் தட்டை மடியில் வைத்துக்கொண்டு என்னைப் பார்க்கிறார், பார்க்கக் கூடாதோ என்று தவசிமணியைப் பார்க்கிறார். நான் கம்ப்யூட்டர் பக்கத்தில் நிற்கிறேன், அந்த வரி கட்டத்தில் அப்படியே இருக்கிறது. இது ஏலம் என்று தெரியாதவர் இந்தச் சபையில் யார் இருக்கிறார்கள், பாதிப் பேர் என்னிடம் மூட்டை எடுத்தவர்கள். சிரித்துவிட்டால்? மகளை விலை கூறுகிறான் என்று யாராவது எழுந்து போய்விட்டால்? தவசிமணி துண்டை இழுத்துவிட்டுக்கொண்டு எழுகிறான், தொண்டையைச் செருமுகிறான். அந்தச் செருமல். எனக்கு இனி எந்த ஜென்மத்திலும் வராத அந்தச் செருமல். அழுத்திவிட்டேன். 'எம்மவளஅ... ஒங்க வீட்டுக்குத் தாரேஏஏன்...' தவசிமணி எழுந்த பாதியில் நிற்கிறான். குரல் ஏறின இடத்திலேயே நின்று, நின்று, அடங்கிவிட்டது, அதன் இழுப்பு மட்டும் உத்தரத்தில் தொங்குகிறது. யாரும் சிரிக்கவில்லை. தட்டைத் தூக்கின சம்பந்தி அதை அந்தரத்தில் பிடித்துக்கொண்டிருக்கிறார். ஏற்றிவிட்டு நிற்கிறது குரல், முடிக்கவேண்டியவன் நான்தான், கட்டத்தில் வேறு எழுத்தில்லை. விரல் எழுத்தைத் தேடுகிறது, கண்ணில் தண்ணீர், ஒரு எழுத்தும் தெரியவில்லை. முடியாத ஏலம் மாதிரி கேவலம் மண்டியில் வேறு கிடையாது. அப்போதுதான் உள்ளறைக் கதவுக்குப் பின்னாலிருந்து, சபையில் வாய் திறக்கக் கூடாத என் மகள், ஓங்கி ஒரு சத்தம் கொடுத்தாள்.

"மூணு தரம்!"

அத்தனை பேரும் சிரித்துவிட்டார்கள். மாப்பிள்ளை முதலில் சிரித்தான். அவன் தகப்பனார் சிரித்துக்கொண்டே தட்டை நீட்டினார், வாங்க வேண்டியவன் நான், கைதான் போகவில்லை. காது உள்ளறைக் கதவிலேயே நின்றுவிட்டது. அந்த வெட்டு என்னுடையது. அந்த மூணை அழுத்திச் சொல்லித் தரத்தை நறுக்கென்று போடுவது மண்டியில் நான் ஒருவன்தான், அவளுக்கு யாரும் அதைச் சொல்லிக் கொடுத்ததில்லை.

"அத்தான், தட்ட வாங்குங்க" என்றான் தவசிமணி. வாங்கிக்கொண்டேன்.